டிவிடிக் கடைக்காரரும் கல்லூரிப் படத்து நாயகியும்

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் டிவிடி விற்ற அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. நெற்றி நிறையத் திருநீறு. எதைத் தொட்டாலும் முதலில் கட்டைவிரலை நக்கிக்கொள்வார். எண்பதுகளில் வந்த கிளுகிளுப்பான கல்லூரிப் படம் ஒன்றுதான் அவர் கடையில் அதிகம் விற்றது.

"இதிலை நடிச்சவையெல்லாம் இப்ப எங்கை, அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கதாநாயகன் இப்ப பெரிய மனுசன். அப்பா வேசத்திலை வாறார்" என்றார் பயபக்தியோடு.

"கதாநாயகி?"

"அவளோ? உப்பிடிப் படத்திலை நடிச்சவளை ஆர் மதிப்பினம்? ஒரு படமும் இல்லையாம். நல்லா வேணும்."

சொல்லிக்கொண்டே, அதே படத்தின் புது டிவிடி ஒன்றில் கடையின் ஸ்டிக்கரை ஒட்டினார். அட்டையில் இருவரும் கட்டிப்பிடித்து நின்றார்கள். ஸ்டிக்கர் கதாநாயகன்மேல் படவில்லை. அவளுடைய இடுப்பையும் மறைக்கவில்லை. சரியாக அவள் முகத்தில் ஒட்டி, எச்சில் விரலால் அழுத்தியும் விட்டார்.