மூலையில் நிற்கும் வேலை

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குப் போனபோது எங்கள் கூடைப்பந்து அணிக்குப் புதிதாக இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவரும் வேறு கல்லூரிகளில் ஆடிவிட்டு இங்கே மாறி வந்தவர்கள். ஒருத்தி மூன்றாம் ஆண்டு அக்கா. எம்பினால் வலையைத் தொட்டுவிடும் உயரம். இன்னொருத்தி சென்னையில் ஆடியவள். யாரிடமும் பந்தைப் பறிகொடுக்காமல் தட்டிக்கொண்டே முன்னால் கொண்டுபோய்விடுவாள். அதுவரை அது என் வேலையாக இருந்தது.

எங்கள் பழைய அணியில் உயரமானவர்கள் கிடையாது. அதனால் யாரும் ஓரிடத்தில் நிற்க மாட்டோம். பந்தைக் கொடுத்துவிட்டு ஓடுவோம், வேறொரு பக்கத்தில் போய்த் திரும்ப வாங்குவோம். சாலவாக்கத்திலிருந்து காலை டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து உத்திரமேரூரில் இறங்கி, கல்லூரி மைதானத்தில் வெயில் ஏறுமுன் ஓடி ஓடிப் பழகிய ஆட்டம் அது. ஜெயித்தது குறைவுதான். ஆனால் பந்து எல்லோர் கைக்கும் வந்துபோகும்.

புதியவர்கள் வந்த வாரமே எங்கள் பயிற்சியாளர் அதை மாற்றிவிட்டார்.

"இனிமே பந்து நேரா இவகிட்ட போகணும்" என்று உயரமான அக்காவைக் காட்டினார். "இவ ரிங்குக்குக் கீழ நின்னு வாங்கிப் போடுவா. நீ அந்த மூலையில நில்லு."

"அங்க நின்னு இன்னா சார் பண்றது?"

"நில்லு. அதான் வேலை."

நின்றேன். பந்து வரும் என்று கைகளை விரித்துக்கொண்டு நிற்பேன். வராது. உடம்பு வியர்க்காமலே பயிற்சி முடிந்துவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் மூலையை விட்டு ரிங்கை நோக்கி ஓடினேன். என்னைத் தடுப்பதற்காக நின்றவளும் கூடவே ஓடிவந்து, அக்காவின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டாள். சார் விசிலடித்தார்.

"உன்னை யாரு உள்ள கூப்பிட்டா?"

வெளியே போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் மேல கோவமா கீறியா?"

"உனக்கு இன்னாக்கா? பந்து உன் கையிலதான கீது."

அவள் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். நகக் கீறல்கள். "பந்தோட கூட ரெண்டு பேரு என் மேல தொங்கிக்கினு கீறாங்களே, அதப் பாக்கலியா? அந்தக் காலேஜ்லயும் இப்படித்தான் நிக்க வெச்சாங்க. முட்டி போயிடுச்சு. நீங்கல்லாம் ஓடி ஆடுவீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் இங்க வந்தேன்."

"சார்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். இந்த ஹைட்டை வெச்சுக்கினு ஓடறது வேஸ்டுன்னுட்டார்."

அதற்குப் பிறகு அவள்மீது கோபப்படவும் முடியவில்லை. யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல் இருப்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கல்லூரிகளுக்கிடையிலான தொடரில் முதல் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. அப்பா நடவு வேலையை விட்டுவிட்டு, நான் ஆடுவதைப் பார்க்க முதல்முறையாக வந்தார். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தோம். எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நானும் குதித்தேன். வண்டியில் வீட்டுக்குப் போகும்போது அப்பா கேட்டார்: "இன்னாமா, நீ ஓரமாவே நின்னுக்கினு இருந்த? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அதுதான் என் வேலை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "காலு வலிப்பா" என்றேன்.

மறுநாள் சாரிடம் நேராகவே கேட்டேன். அவர் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினார். நான் மூலையில் நிற்பதால் எதிரணியில் ஒருத்தி என்னை விட்டு நகர முடியாது. அதனால் அக்காவுக்கு நடுவில் இடம் கிடைக்கிறது. அவர் சொன்னது சரிதான். தப்பாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நிற்பதே வேலையென்றால் அங்கிருந்தே போடப் பழகுவோம் என்று, பயிற்சி முடிந்த பிறகும் மூலையிலிருந்து ரிங்குக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பந்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுப்பாள். அரையிறுதியில் அவளை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, இங்க" என்று கத்தினேன். பந்து வந்தது. முதலில் போட்டது வளையத்தில் பட்டு வெளியே போனது. அடுத்தது உள்ளே விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. ஆனால் அதற்குள் ஆட்டம் கைமீறிப் போயிருந்தது. தோற்றோம்.

திரும்பி வரும் வேனில் அக்கா முட்டியில் ஐஸ் கட்டிகளை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அவளுக்கு அதுதான் கடைசி ஆண்டு. முன்சீட்டிலிருந்த சார் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த வருஷம் இவ இல்ல. நீங்க பழையபடி ஓடியே ஆடலாம்."

என்னோடு ஓடி ஆடிய பழைய அணியில் இன்னும் மூன்று பேருக்கு அதுவே கடைசி ஆண்டு என்பது அவருக்கு நினைவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.