வெற்றி போடாத முடிச்சு

இது நடந்தது. வெற்றியும் ஜெபினும் இன்றைக்கும் இருக்கிறார்கள், நேரில் போய்க் கேட்கலாம். கீழே உள்ள நேரமெல்லாம் வெற்றி தன் போனில் பார்த்துச் சொன்னது. ஒரு நிமிடம்கூட நான் கூட்டவில்லை.

வெற்றி காசிமேட்டு விசைப்படகு ஒன்றில் வலை பார்ப்பவன். இடது கைக்காரன். அவன் போடும் முடிச்சின் வால் இடப்பக்கம்தான் விழும். பத்துப் பேர் தைத்த வலையிலும் தன் முடிச்சைத் தடவியே சொல்லிவிடுவான். ஜெபின் திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் தோஸ்து.

போன வருஷம் மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். படகு சும்மா கிடந்தது. இருவரும் ஆந்திர எல்லையோர மலைக்காட்டுக்குக் கிளம்பினார்கள். பகல் முழுக்க ஏற்றம், மேலே சுனையருகே ஒரு ராத்திரி கூடாரம், மறுநாள் இறக்கம். காட்டில் போன் எடுக்காது. அதனால் திருப்பத்துக்குத் திருப்பம் வெற்றி நீல வலைநூலில் ஒரு முழம் வெட்டி, நுனி பிரியாமல் லைட்டரால் கருக்கி, மரத்தில் கட்டிக்கொண்டே ஏறினான்.

"இன்னா மாமு, மலைய வலைல கட்டி காசிமேட்டுக்கு இஸ்துகினு போப்போறியா?"

"நக்கலு பண்ணாத. வழி தப்புனா மொதல்ல நீதான் அழுவ."

ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. வெற்றி அப்படித்தான் நினைத்தான். நூல்கண்டு இருந்த பையைத் தலைக்கு வைத்துப் படுத்தான். ஜெபின் பூரானுக்குப் பயந்து பேன்ட்டைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு தூங்கினான்.

காலை 7.20. ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்த ஜெபின், இரண்டே எட்டில் பாறைமேல் விழுந்தான்.

"காலு மரத்துப் போய்கீது மாமு. தரைல வெச்சேனா இல்லியான்னே தெர்ல."

சிறிது நேரத்தில் கணுக்கால் வீங்கிவிட்டது. ஷூவைக் கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது என்று அப்படியே விட்டார்கள். இருட்டுவதற்குள் அவனைக் கீழே சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் தனியாக அவனைக் காட்டில் விட்டுவிட்டு ஆள் தேடிப் போக வேண்டும்.

8.05க்கு இறங்கத் தொடங்கினார்கள். ஜெபினைத் தோளில் தாங்கியபடியே, கடந்துபோகும் ஒவ்வொரு நூலையும் வெற்றி அவிழ்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். கடல் பழக்கம். அறுந்த நூலை விட்டுவிட்டு வந்தால் அடுத்த படகின் புரொபெல்லரில் சுற்றும்.

9.40. ஒரு முடிச்சு அவிழவில்லை.

குனிந்து பார்த்தான். வால் வலப்பக்கம் இருந்தது.

"டேய், நீ கட்டுனியா?"

"எனக்கு ஷூ லேசே எம் பொண்டாட்டிதான் கட்டுறா. நா எங்க கட்டுனேன்?"

9.52. அடுத்த நூல். அதுவும் வலப்பக்கம். தொட்டால் ஈரம். மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

10.03. முன்னால் புதருக்குள் ஒரு சத்தம்.

சர்ர்ர்... டக்.

நைலான் நூலை மரத்தில் இழுத்து இறுக்கும் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்.

"யார்ரா அங்க?"

குருவிச் சத்தமும் நின்றிருந்தது.

10.10. அடுத்த மரம். இந்த முடிச்சின் வால் இடப்பக்கம். அச்சாக அவன் முடிச்சு.

"பாத்தியா? உன்துதான். பேஜாரு பண்ணாம நட மாமு."

வெற்றி நுனியைப் பார்த்தான்.

கருகவில்லை. மென்று அறுத்திருந்தது. பல் பதிந்திருந்தது.

"நட மாமு..."

"ஒரு அடி வெக்காத."

ஒரு கல்லை எடுத்து முன்னால் புதருக்குள் எறிந்தான்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

எங்கோ அடியில், பாறையில் பட்டது.

திரும்பினான். திரும்பிப் போக வழி இல்லை. உண்மையான நூலெல்லாம் அவன் பாக்கெட்டில்.

தார்ச்சாலை கிழக்கே என்பது மட்டும் தெரியும். ஜெபினை முதுகில் ஏற்றினான். நடுப்பகல்வரை வெயிலை முகத்தில் வாங்கி நடந்தான். அதற்குப் பிறகு தன் நிழலை முன்னால் விட்டு நடந்தான்.

சர்ர்ர்... டக்.

இடப்பக்கம்.

சர்ர்ர்... டக்.

வலப்பக்கம்.

பிறகு முதுகுக்குப் பின்னால்.

"மாமு... ஏதோ எங் கால இஸ்க்குது..."

வெற்றி திரும்பவில்லை.

3.35. தார்ச்சாலை. சத்தம் நின்றது.

வழியில் ஓர் ஆஸ்பத்திரி. நர்ஸ் ஷூவைக் கத்திரியால் வெட்டினார். பேன்ட் இன்னும் சாக்ஸுக்குள்தான் இருந்தது, ராத்திரி ஜெபின் திணித்தபடியே. சாக்ஸில் ஒரு கிழிசல் இல்லை. அதையும் வெட்டினார். கை அப்படியே நின்றது.

"யாருப்பா இதக் கட்டுனது?"

கணுக்காலைச் சுற்றி நீல நூல், சதைக்குள் புதைந்து கிடந்தது. இரண்டு நுனியும் மென்று அறுத்தவை.

முடிச்சு ஒன்று அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது. அடியில் இருந்தவை கோணல்மாணல். மேலே வர வர, முடிச்சு திருந்தியிருந்தது.

ராத்திரி முழுக்க யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாகக் கட்டிப் பழகியது போல.