கோதுமைக்குப் பின் என் கேழ்வரகு

பீங்கான் தொழிற்பேட்டைச் சாலையில் மாவு மில் வைத்திருப்பவர் அவர். மாவு படிந்து இமைகூட வெளுத்திருக்கும். வருகிறவர் முகத்தைப் பார்க்காமல், பைக்குள் கைவிட்டுத் தானியத்தைப் பார்ப்பார். அரிசி மாவு நிறம் மாறக்கூடாது என்று முதலில் அரிசி, பிறகு கோதுமை, கடைசியில் கேழ்வரகு அரைப்பார். சர்க்கரை நோய்க்காகக் கேழ்வரகு தின்னும் நான், மூன்றாவதாகப் போனாலும் ஏழாவதாகத்தான் திரும்புவேன்.

அன்று கோதுமை முடிந்ததும், எனக்குப் பின்னால் நின்ற பெண் தயங்கிச் சொன்னாள்: “கொழந்தைக்குக் கேவுறுங்க. கோதுமை கொஞ்சம் கலந்தாலும் கக்குது. எளைச்சிப் போச்சி.”

அவர் என் பையை எடுத்தார். “சார், நீங்க மொதல்ல.”

“நாப்பது நிமிஷம் நிக்கிறேன். இப்பத்தான் தெரிஞ்சுதா?”

“மிஷினுல கோதுமை ஒட்டியிருக்குது. உங்க ரெண்டு கிலோ ஓடுனா சுத்தமாயிடும்.”

“என்னய்யா, என்னை வெளக்கமாறு ஆக்கிட்டியே!”

“உங்களுக்குக் கோதுமை ஒண்ணும் பண்ணாதுங்க சார்.”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கினாள்.

அடுத்த வாரம், “கொழந்தை எப்படி இருக்குது?” என்று கேட்டேன்.

“கக்கலையாம் சார்” என்றபடி, கோதுமை ஓடி முடிந்த மிஷினில் என் கேழ்வரகைக் கொட்டினார். பின்னால் கேழ்வரகுப் பையோடு வேறொரு தாய் நின்றிருந்தாள்.

இதுவரை ஐந்து முறை ஆகிவிட்டது. ஏனோ மறுக்க எனக்கு வாய் வரவில்லை.