கிள்ளானில் தண்ணீர் இல்லை... அம்பத்தூரிலும்!

போன ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் எங்கள் அபார்ட்மென்ட் முழுவதையும் நான் காயப் போட்டுவிட்டேன். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை!

காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே போனைப் பார்த்தேன். நாளை தண்ணீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று குரூப்பில் செய்தி. காபிகூடக் குடிக்கவில்லை. பக்கெட், அண்டா, குக்கர் என்று நிரப்ப ஆரம்பித்துவிட்டேன். எதிர் வீட்டுச் செல்வி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, காலங்காத்தால குக்கர்லகூட தண்ணி புடிச்சிகினு கீற?"

"நாளைக்குத் தண்ணி வராதாம் செல்வி. குரூப்ல போட்டிருக்காங்க."

"ஐயய்யோ! எங்கூட்ல ஒரு கொடம்கூட இல்லியே!"

ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் மாடிப்படியில் நின்று மேலேயும் கீழேயும் ஒரு குரல் கொடுத்தாள். அவ்வளவுதான்... எல்லா வீட்டிலும் எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்தால் மொட்டைமாடித் தொட்டி என்ன செய்யும்? கொஞ்ச நேரத்தில் தொட்டியும் காலி, கீழே சம்ப்பும் காலி. ஞாயிறு என்பதால் லாரியும் கிடைக்கவில்லை.

மோட்டார் போடும் ஏழுமலை வாசலில் நின்று கத்தினார். "எந்தப் புண்ணியவான்மா இந்தப் பொரளியக் கெளப்பி வுட்டது? நாளைக்கு இல்லைன்னு சொன்னீங்க, இன்னிக்கே பூட்ச்சு பாரு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்தேன். செய்தி எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் வந்ததே அல்ல. மலேசியாவில், கிள்ளானில், நாங்கள் முன்பு குடியிருந்த தாமான் குரூப்பில் வந்தது. தாமான் என்றால் அங்கே குடியிருப்பு. செய்தி மலாயில்தான் இருந்தது. மலாய் என்பதே எனக்கு உறைக்கவில்லை, பாருங்கள்!

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஊரை விட்டு வந்து எத்தனை வருஷமாச்சு? அங்க தண்ணி வந்தா உனக்கென்ன, வராட்டா உனக்கென்ன? சாயங்காலத்துக்குள்ள அந்த குரூப்ல இருந்து வெளிய வந்துடு!"

அத்தனை பேர் முன்னால் வேறென்ன செய்ய? தலையாட்டினேன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. அவர் வேலைக்காகப் போய், நான் இளமையையே கழித்த இடம் அது. அந்த குரூப்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்கிறீர்களா? ஒன்றுமில்லை. யாரோ காரை மறித்து நிறுத்திவிட்டுப் போயிருப்பார்கள். திரு. லிம்மின் பூனை மறுபடி காணாமல் போயிருக்கும். இரவுச் சந்தையில் வேர்க்கடலை வைத்து மடிக்கும் அப்பம் பாலிக் கடை இடம் மாறியிருக்கும். மழை, துணியை எடுங்கள் என்று ஒருவர் போட்டால், இங்கே நான் வானத்தைப் பார்ப்பேன்.

அப்புறம் காக் ரொஹானி. காக் என்றால் மலாயில் அக்கா. பக்கத்து வீடு. நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்று தெரிந்ததும் எனக்காகவே ஒரு புதுச் சட்டி வாங்கியவர். ஒவ்வொரு ஹரி ராயா பெருநாளுக்கும் அந்தச் சட்டியில்தான் எனக்குக் கோழி ரெண்டாங் கறி. வேறெதையும் அதில் சமைக்க விடமாட்டார். கூடப் பிறந்தவர்கள்கூட அப்படிப் பார்த்துக்கொள்வார்களா, தெரியவில்லை.

சாயங்காலம் கனத்த மனசோடு டைப் செய்தேன். 'உங்கள் ஊரில் தண்ணீர் நின்றதற்கு என் ஊரில் ஒரு கட்டடமே காய்ந்துவிட்டது. எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். விடைபெறுகிறேன்.'

சிரிப்புப் பொம்மைகளாக வந்து குவிந்தன. திரு. லிம், "அலாமாக்!" என்றார், நம் ஐயய்யோ மாதிரி. கடைசியாகக் காக் ரொஹானியின் குரல் பதிவு, மலாயில், பதற்றத்தோடு: "தண்ணி இல்லாம எப்படிச் சமைச்சே? சாப்பிட்டியா, இல்லியா?"

காலையிலிருந்து யாரும் என்னைக் கேட்காத கேள்வி. அழுதுவிட்டேன். வெட்கமென்ன, அழுதேன்தான்.

கணவர் ஹாலிலிருந்து கேட்டார். "வெளிய வந்துட்டியா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். போனில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"வந்துட்டேன்" என்றேன்.

பொய்யில்லை. வந்துவிட்டேன்... எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பிலிருந்து. இங்கே தண்ணீர் வராவிட்டால் செல்வி கதவைத் தட்டிச் சொல்ல மாட்டாளா என்ன?