பருந்தின் தங்கைக்குக் கஞ்சி கொடுத்தது யார்

அண்டத்தின் அந்திமப் போர் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கி ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பா திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் இடையே வேன் ஓட்டினார். அம்மா செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலங்களில் என் பள்ளிக்கூடத்திலேயே பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வகுப்பு நடந்தது. பகலில் நான் உட்காரும் அறையில், என் பெஞ்சுக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்து அம்மா ‘அ’ எழுதினாள். எனக்கு அது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

வகுப்பில் கொடுத்த புத்தகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பானை, அடுப்பு, மாடு என்றே இருக்கிறது, அதைத்தானே நாள் முழுக்கப் பார்க்கிறேன் என்று குறைப்பட்டுக்கொண்டாள். எனக்கு அப்பா பஸ் ஸ்டாண்டு கடையில் மாதாமாதம் வாங்கித்தரும் படக்கதைப் புத்தகம் ஒரு நாள் அவள் கையில் அகப்பட்டது. வெளிநாட்டுக் கதைகளைத் தமிழாக்கிச் சென்னையில் அச்சிடுவார்கள். அதில் ‘சாம்பல் பருந்து’ என்று ஒரு வீரன். பகலில் பஞ்சாலைத் தொழிலாளி. ஊருக்கு ஆபத்து வந்தால் சிறகு கட்டிக்கொண்டு பறப்பான். அப்பா அம்மா இல்லாத அவனுக்கு நடக்க முடியாத ஒரு தங்கை உண்டு. ஒவ்வொருவர் வாயிலிருந்தும் கிளம்பும் வட்டத்துக்குள் நாலு வார்த்தைகளுக்கு மேல் இருக்காது. அம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று.

ஒரு புத்தகத்தை நான் கால்மணி நேரத்தில் முடித்துவிடுவேன். அம்மாவுக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, ஜன்னலுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து, விரலை ஓட்டி ஓட்டிப் படிப்பாள். என் வேகத்தில் எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் கிழிந்த பருந்தின் சட்டை பதினோராம் பக்கத்தில் கிழியாமல் இருப்பதைக் கண்டுபிடித்தது அவள்தான். பருந்தைப் பற்றிச் சொந்தக்காரப் பையனைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள். மில்லில் அவனுக்கு லீவே தருவதில்லை என்று அப்பாவிடம் ஒரு நாள் சொல்ல, எந்த மில், யார் வீட்டுப் பையன் என்று அப்பா விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ‘அண்டத்தின் அந்திமப் போர்’ என்ற கதை பருந்து இதழில் தொடங்கியது. மில்லில் தீப்பிடித்து, பார்க்க வந்த தங்கை காயம்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தீ வைத்தவனைத் துரத்திப் போன பருந்து கோபுரத்தின் உச்சியிலிருந்து சிறகொடிந்து விழுகிறான். கடைசிப் படம் அதுதான். அதன் கீழே ஒரு கட்டம்: ‘பருந்தின் கதி என்ன? மின்னல் மங்கை இதழில் காண்க!’ அம்மா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பேனா மை விளம்பரம் இருந்தது.

அடுத்த மாதம் வந்த பருந்து இதழின் முதல் பக்கத்தில், அவன் ஒரு கீறலும் இல்லாமல் நிலாவில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் இதுவரை பார்த்தேயிராத பதினோரு வீரர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வார்த்தைகளின் தலையில் நட்சத்திரக் குறிகள் இருந்தன. அதென்ன என்று அம்மா கேட்டாள். இது வேறு புத்தகத்தில் நடந்த விஷயம், அதையும் வாங்கிப் படிக்க வேண்டும் என்று அர்த்தம் என்றேன். அந்தப் புத்தகத்தில் மட்டும் பதினான்கு நட்சத்திரங்களை எண்ணினாள். ஐந்து வீரர்களுக்கு இருந்த ஐந்து தனித்தனி இதழ்களில் கதையைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். ஐந்தையும் வாங்கினால்தான் ஒரு கதை.

பஸ் ஸ்டாண்டு கடைக்காரர், எங்கள் ஊருக்கு இரண்டுதான் வரும், மற்றதெல்லாம் வேலூரோடு சரி என்று சொல்லிவிட்டார். அப்பா வாடகைச் சவாரிக்கு வேலூர் போனபோது தேடி மின்னல் மங்கையை வாங்கி வந்தார். அம்மா அதைப் பதினைந்து நாள் படித்தாள். பருந்தை யாரோ கடலில் பிடித்தார்கள் என்று ஒரு வரி இருந்தது, தலையில் நட்சத்திரத்தோடு. அது ‘சுறா வீரன்’ இதழாம். எனக்கும் கோபம்தான். ஆனால் என் கோபம் பன்னிரண்டு வீரர்களில் யார் பலசாலி என்று யாரும் சொல்லவில்லையே என்பது. அம்மாவின் கோபம் வேறு.

“அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்குது. இவன் நிலாவுல போயி நின்னுக்கினு இருக்கான். அதுக்கு யாரு கஞ்சி குடுத்தா?”

அது கதைதானே என்றேன். அதனால்தான் கேட்கிறேன், நிஜமாக இருந்தால் நானே போய்க் கொடுத்துவிட்டு வந்திருப்பேன் என்றாள்.

மறுநாள் வேலையிலிருந்து திரும்பும்போது மூன்று போஸ்ட் கார்டு வாங்கி வந்தாள். புத்தகத்தின் ஆசிரியருக்கு எழுதப் போகிறாளாம். கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். ‘மாண்புமிகு ஆசிரியர் அவர்களுக்கு’ என்று தொடக்கத்தைக்கூட மனதில் தயார் செய்துவிட்டேன். அவள் என்னிடம் கார்டைத் தரவில்லை. “படிச்சிட்டு ஏமாந்தது நானு. நானே கேக்கறேன்,” என்றாள்.

நான்கு மத்தியானங்கள் எழுதினாள். இரண்டு கார்டு வீணாயிற்று. மூன்றாவதில் இருந்தது இன்னும் எனக்கு மனப்பாடம்:

‘அய்யா, பருந்து கதய எழுத்து கூட்டி படிக்கிரேன். ஒரு புக்கு படிக்க பன்னண்டு நாள் ஆவுது. ஒரு கதய அஞ்சி புக்குல போட்டா நா எப்ப முடிப்பேன். அவன் தங்கச்சி ஆஸ்பத்திரில இருக்குது. அத யாரு பாத்துக்கிராங்க. அத மொதல்ல சொல்லுங்க. சண்ட அப்பறம் போடலாம்.’

கீழே தன் பேரையும் விலாசத்தையும் எழுதி, பள்ளிக்கூடம் போகும் வழியில் தபால்பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்துப் பார்த்தேன். சென்னையில் இருப்பவர்கள் சிரிப்பார்களே என்று உடம்பெல்லாம் கூசியது. பேனாவை எடுத்து, முதல் வரியிலிருந்த ‘ரே’யை ‘றே’ ஆக்கப் பார்த்தேன். மை பரவி அந்த இடமே ஒரு கறுப்புப் பொட்டு ஆகிவிட்டது. அவள் செய்திருந்த பிழைகள் எல்லாவற்றையும்விட அதுதான் அசிங்கமாகத் தெரிந்தது. பயந்துபோய்க் கார்டைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு ஓடினேன். இதை நான் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை நான் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தேன். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, ஒரு கார்டைப் பார்த்து ஒரு பேரைச் சொல்லி, வீடு எது என்று கேட்டார். குழாயடியில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லையேங்க,” என்றாள் எதிர்வீட்டு அக்கா. அவர்கள் பொய் சொல்லவில்லை. அம்மா அந்தத் தெருவுக்கு வந்து பத்து வருஷம். எல்லாருக்கும் அவள் வேன்காரர் வீட்டம்மா. விடுதியில் அக்கா. அப்பா கூப்பிடுவது ‘இந்தாம்மா’ என்று. தபால்காரர் கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார்.

அது யார் பேர் என்று உறைக்க எனக்கும் ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு குடத்தை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

“சார், அது எங்க அம்மா பேரு.”

அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அவசியமில்லாமல் இன்னொரு முறையும் சொன்னேன். எங்கள் அம்மாவுக்குச் சென்னையிலிருந்து, புத்தகம் போடுகிறவர்களிடமிருந்தே கடிதம் வந்திருக்கிறது என்று குழாயடிக்கு அறிவித்தேன். குழாயை மூடக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆசிரியர் தன் கையாலேயே எழுதியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வருவதை அப்படியே போட வேண்டியிருக்கிறது, பல இடங்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தனக்கே குழம்பிவிடுகிறது, இத்தனை வாசகர்களில் தங்கையைப் பற்றிக் கேட்டது நீங்கள் ஒருவர்தான், அதற்கு ஏதாவது செய்கிறேன் என்று எழுதியிருந்தார். செய்யவும் செய்தார். இரண்டு மாதம் கழித்து, பருந்து இதழின் கடைசியில் ஒரு பக்கம் கூடுதலாக வந்தது. நம்மூர் ஓவியர் யாரையோ வைத்து அவசரமாக வரையச் சொல்லியிருக்க வேண்டும். எப்போதும் கவுன் போட்டிருக்கும் தங்கை அன்று இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டியிருந்தாள். நம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியின் இரும்புக் கட்டில். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, சிறகை மடக்கிக்கொண்டு, சாம்பல் பருந்து டம்ளரில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தான்.

அப்பா அந்தப் புத்தகத்தை வேனிலேயே வைத்துக்கொண்டு ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டினார். வீட்டுக்காரி கேட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தது என்பார். கடலைக்காய் மூட்டையோடு ஏறியவர்கள்கூட வாங்கிப் பார்த்தார்கள். போர் அதன் பிறகும் பல மாதம் நடந்தது. எங்கள் ஊருக்கு வராத ஏதோ ஓர் இதழில் அது முடிந்தும் போயிற்று. யார் ஜெயித்தார்கள் என்று அம்மா கேட்கவே இல்லை.

கார்டு வந்த அந்தச் சனிக்கிழமை, தபால்காரர் அதை என்னிடம் தரவில்லை. பேருக்குரியவரைக் கூப்பிடு என்றார். அம்மா சோப்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது விலாசம் எழுதிய பக்கத்தை. பதில் பின்பக்கம் இருக்கிறது என்று சொல்லி, கார்டை நான் திருப்பி வைத்தேன். அவள் மறுபடியும் முன்பக்கத்துக்குத் திருப்பினாள். விரல் முதல் வரியிலேயே நின்றது.

“இரு பாப்பா. இந்தப் பக்கம் இன்னும் முடிக்கல.”

அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு பேர், ஒரு தெரு, ஒரு ஊர். அதைப் படிக்க அவளுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று எனக்குப் புரியவில்லை. எழுத்து தெரியவில்லை போலும் என்று நினைத்து, உதவி செய்கிற தோரணையில், பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேரை ஒவ்வொரு எழுத்தாக உரக்கக் கூட்டிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.