லிங்கியிலிருந்து சிரம்பானுக்கு ஓர் ஊசிப் பெட்டி

அக்காவின் சினைப்பை ஸ்கேனுக்குத் துணையாக, போன புரட்டாசியில் லிங்கி தோட்டத்திலிருந்து சிரம்பானுக்குப் போய் வந்தேன். இதே காரணத்துக்காக அந்தச் சாலையில் போகப்போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் தணியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை காடுட்டில் வேலை முடிந்து, முதல் நாள் மாலையே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். குழந்தைக்காக அக்கா போட்டுக்கொள்ளும் ஊசி மருந்தில் மீதியையும் கொண்டுவரும்படி டாக்டர் சொல்லியிருந்தார். காலை ஆறரைக்குப் பிரிட்ஜைத் திறந்தேன். சாமிக்கு எடுத்து வைத்த பால் இருந்தது. அக்காவின் மாமனாருடைய இன்சுலின் இருந்தது. அக்காவின் ஊசி இல்லை.

“விரத மாசம் லா. பொம்பள சமாச்சாரத்த சாமி பால்கிட்ட வைக்கலாமா? அலமாரி மேல இருக்கு பாரு,” என்றார் அத்தை, அக்காவின் மாமியார்.

ஜிங்க் தகரக் கூரையை ஒட்டிய அலமாரி. பகல் சூட்டில் அதன் மேல் கை வைக்க முடியாது.

“சொன்னேன்டி. சண்ட வேணாம்னு அவர் சொல்லிட்டாரு,” என்றாள் அக்கா. அவர் என்றால் அத்தான். வெந்த மருந்தைத்தான் அவள் தினமும் வயிற்றில் குத்திக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தொண்டைவரை ஒரு கேள்வி வந்தது. வழக்கம்போல விழுங்கிவிட்டேன்.

வாடகைக் கார் ஒரு வழிக்கு ஐம்பது ரிங்கிட். மருந்தை வைத்து என் மடியில் பிடித்திருந்த ஐஸ் பையைப் பார்த்து, “என்ன தங்கச்சி, ஐஸ்கிரீம் யாவாரமா?” என்றார் ஓட்டுநர். அக்கா, கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக என்று நினைக்கிறேன், வாய்விட்டுச் சிரித்தாள்.

கல்லூரியில் நான் படித்தது இதைத்தான். சினைப்பைக்குள் மாதாமாதம் ஒரு கூட்டம் நுண்பைகள் வளரத் தொடங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை. மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன்தான் அவற்றைப் பிழைக்க வைக்கிறது. வளரும் பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, அந்த ஹார்மோன் குறையும். குறைந்ததைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஒன்றுதான். மற்றவற்றின் செல்கள் தாமாகவே சுருங்கி, உடைந்து சாகும். அது இயற்கை. அக்காவின் உடலில் அந்த ஹார்மோன் போதாததால் அந்த ஒன்றும் நிற்பதில்லை. அதற்குத்தான் அந்த ஹார்மோன் ஊசி.

ஸ்கேனில் எதுவும் வளர்ந்திருக்கவில்லை. மருந்து அலமாரிச் சூட்டில் கெட்டிருக்கும் என்றார் டாக்டர். அடுத்த மாதவிலக்குக்குப் பிறகு மறுபடி தொடங்கும்படி புதுப் பெட்டி எழுதிக் கொடுத்தார்; அதை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

வீடு திரும்பியபோது வாசலில் அத்தை பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “இவ வயித்துக்கு இங்கிலீஷ் மருந்துகூட பிடிக்கல பாரு.”

காலையில் விழுங்கியது வெளியே வந்துவிட்டது. “மாமா ஊசி மட்டும் எப்படி அத்தை சாமி பால் பக்கத்துல இருக்கு?”

“அது இனிப்பு நீருக்கு. இது வேற.”

“ரெண்டும் ஹார்மோன்தான்.” பக்கத்து வீட்டம்மா நைஸாக நழுவிவிட்டார்.

அக்கா உள்ளே போனாள். பிரிட்ஜிலிருந்து பால் சொம்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது இருந்த இடத்தில் புதுப் பெட்டியை வைத்தாள். “பால் கெட்டா வேற வாங்கிக்கலாம் அத்தை.”

“என் ஊசிய எடுத்துறாதம்மா!” என்று கூடத்திலிருந்து மாமா கத்தினார்.

போகிறவர்களுக்கு: ஐஸ் பை கட்டாயம். பெட்டிமேல் எழுதியுள்ள வெப்ப அளவை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கிளம்பும் காலையில் அல்ல, ஊசி வீட்டுக்கு வருகிற அன்றே பிரிட்ஜில் அதற்கென்று ஓர் இடம் பிடியுங்கள். சண்டை வரும். வரட்டும்.