என் மேல் நானே கொடுத்த புகார்

நகராண்மைக் கழகம் ஒன்றின் கட்டடப் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் நான். அந்த நாற்காலி கற்றுத் தந்ததில் உறுதியானது ஒன்றுதான்: யாராவது புகார் கொடுத்தாலொழிய எந்த அதிகாரியும் உங்கள் வீட்டின் பின்பக்கத்துக்கு வரமாட்டார். அவருக்கு மேசை நிறைய வேலை இருக்கிறது, வெளியே வெயில் இருக்கிறது, அதற்குள் மதியச் சாப்பாட்டு நேரமும் வந்துவிடும். இந்த ஞானத்தை நம்பித்தான் ஜெஞ்சாரோம் என்ற சிற்றூரில் என் மனைவிக்கு அனுமதி வாங்காமல் ஒரு சமையலறை கட்டிக் கொடுத்தேன்.

அறுபது வயதுவரை வேலையில் இருந்திருக்கலாம். ஐம்பத்தைந்தில் எழுந்து வந்துவிட்டேன். சேமநிதியில் இருந்ததைக் கணக்குப் பார்த்தபோது, நகரத்து நடுவில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலேயே இருந்தால் எங்களுக்கு முன்னால் அந்தப் பணம் போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரிந்தது. அங்கே கார் நிற்பதற்கே காசு. சட்னி இரண்டாவது முறை கேட்டால் கடைக்காரர் பார்க்கும் பார்வை தனி. ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற வரிசை வீடுகளில், ஓரத்துப் பழைய வீடு ஒன்று மலிவாக வந்தது. வாங்கினேன்.

மனைவி இரண்டு நிபந்தனை வைத்தாள். முதலாவது, பின்பக்கம் காற்றோட்டமாக ஒரு சமையலறை. அடுக்குமாடியில் அவள் மீன் பொரித்தால் படுக்கையறைத் திரைச்சீலைவரை மணக்கும். மேல்வீட்டுக்காரர் எங்களுக்குக் கேட்கும்படியாக ஜன்னலைச் சாத்துவார். இரண்டாவது, பிரிக்பீல்ட்ஸ் வீட்டை விற்கக் கூடாது. ஒரு வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட வேண்டும்.

"ஒரு வருஷம் இருந்து பாக்குறேன். பிடிக்கலன்னா நான் திரும்பிப் போறேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்," என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல.

சிக்கனமாக வாழ்வது எனக்கு உடனே பிடித்துப்போனது. மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகை வைத்தோம். காரை விற்றுவிட்டு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்கு எல்லோரும் போகிற நேரத்தில் போகாமல், வியாபாரிகள் கூடாரத்தைப் பிரிக்கிற நேரத்தில் போவேன். கங்கோங் கீரை மூன்று கட்டு ஒரு கட்டின் விலைக்குக் கிடைக்கும். வாடியிருக்கும், ஆனால் சட்டியில் போட்டால் எல்லாக் கீரையும் வாடத்தான் போகிறது. நாளிதழ் முடிதிருத்தும் கடையில் இலவசம். முடி வெட்டிக்கொள்ளாமல் எத்தனை நாள் அங்கே போய்ப் படிக்கலாம் என்பதற்கு எழுதப்படாத வரம்பு ஒன்று உண்டு. அதைக் கடைசிவரை பயன்படுத்தினேன். பருப்பும் நல்லெண்ணெயும் மட்டும் மாதம் ஒருமுறை கிள்ளான் நகருக்குப் பேருந்தில் போய் வாங்கி வருவோம். திரும்பும்போது பேருந்தில் மனைவி தூங்கிவிடுவாள், நான் வாங்கியவற்றின் விலையை மனதுக்குள் ஒருமுறை பாராட்டிக்கொள்வேன்.

சமையலறையும் அதே கொள்கையில்தான் உருவானது. மேரு என்ற ஊரில் ஒரு பழைய இரும்புக் கடையில் கூரைக்குத் துத்தநாகத் தகடு வாங்கினேன். தூண்களும் அங்கேயே. முறைப்படி வரைபடம் போட்டு அனுமதி வாங்கினால் வரைபடக்காரரின் கட்டணமே சமையலறையின் செலவைத் தாண்டிவிடும். எங்கே எவ்வளவு கட்டணம், யார் கையெழுத்து, எத்தனை நகல் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தெரிந்ததனால்தான் அந்தக் கட்டணத்தைக் கட்டவில்லை. இடம் கொஞ்சம் போதவில்லை, அதனால் பின்னால் ஓடும் வடிகாலுக்கு மேல் இரண்டடி சிமெண்டை நீட்டினேன். தண்ணீர் போகட்டும் என்று அடியில் ஒரு குழாய் வைத்தேன். கடையில் இரண்டு அளவுக் குழாய் இருந்தது. நான் எதை வாங்கியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

மனைவி அந்தச் சமையலறையில் சந்தோஷமாக மீன் பொரித்தாள். திரைச்சீலைகள் மணக்கவில்லை. பல மாதம் எந்தக் குறையும் இல்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. வடிகால் நிறைந்து, தண்ணீர் சமையலறைத் தரையில் ஏறியது. செம்பனை ஓலைக் கீற்றும் பிளாஸ்டிக் பையும் அடுப்புக்குக் கீழே மிதந்தன.

"கோயில்கிட்ட ஒரு ஆள் இருக்காரு. அம்பது வெள்ளி குடுத்தா குத்தி எடுத்துடுவாரு," என்றாள் மனைவி.

"எதுக்கு அம்பது வெள்ளி? இது கவுன்சில் வேலை. நாம வரி கட்டல?"

"கட்டுறோம். அம்பது வெள்ளியும் கட்டிருவோம்."

"எனக்கு வழிமுறை தெரியும்," என்றேன். திருமணமான நாளிலிருந்து அவள் அதிகம் கேட்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

புகாரை நான் எழுதிய அழகை இப்போதும் மெச்சுவேன். எந்தத் துணைவிதி, யாருடைய பொறுப்பு, பதில் தராவிட்டால் அடுத்து யாருக்குப் போகும் என்று சுருக்கமாக, மிரட்டல் தெரியாத மிரட்டலாக எழுதினேன். அப்படி ஒரு கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால் நானே மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடியிருப்பேன். அதே வாரம் அதிகாரி வந்துவிட்டார்.

நாற்பது வயதுக்குள் இருக்கும் தமிழ்ப் பெண். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் அளவு நாடா. நேராகப் பின்பக்கம் போனார். என் சமையலறைக்கு மேல்பக்கம், தண்ணீர் வரும் திசையில், வடிகால் தளும்பிக்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கம் ஏறக்குறைய காய்ந்து கிடந்தது. இரண்டையும் பார்த்தார், பிறகு நடுவில் இருந்ததைப் பார்த்தார்.

"புகார் குடுத்தது யாரு அங்கிள்?"

"நான்தாம்மா."

"வீடு?"

"என்னோடதுதான்."

"இந்தக் கிச்சன்?"

"அது ஒரு தற்காலிக அமைப்பு," என்றேன்.

"சிமெண்ட் போட்டிருக்கீங்களே."

"லேசாத்தான்."

அவர் ஒரு குச்சியை எடுத்து என் குழாயின் வாயில் குத்தினார். குச்சி உள்ளே போகவில்லை. "வடிகால் நிலத்துல கட்டியிருக்கீங்க, பைப்பும் சின்னது. அடைச்சது கவுன்சில் இல்ல அங்கிள், நீங்கதான். முன்னாடி எங்க வேலை செஞ்சீங்க?"

சொன்னேன். எந்தப் பிரிவு என்றும் சொன்னேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அளவு நாடாவைச் சுருட்டினார். "அப்ப நான் ஒண்ணும் விளக்க வேண்டியதில்ல."

ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நல்லா விளக்கும்மா! அவருக்கு இதுவரைக்கும் யாரும் விளக்கினதே இல்ல."

இரண்டு வாரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். செய்தி அவருக்கு எப்படிப் போனதோ, அன்று சாயங்காலமே வேலி ஓரத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, உங்க மேல நீங்களே புகார் போட்டீங்களாமே?"

"வடிகாலைப் பத்திப் போட்டேன்."

"நம்ம லைன்ல இதுவரைக்கும் அடுத்தவன் மேலதான் போட்டிருக்கானுங்க. நீங்க புது வழி காட்டிட்டீங்க லா!" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை முடிக்க வேலியைப் பிடித்துக்கொண்டார்.

நான் மனம் தளரவில்லை. மேல்முறையீடு எனக்குத் தாய்மொழி மாதிரி. முதலில் கால நீட்டிப்புக் கேட்கலாம். பிறகு கூட்டு அளவீடு. அதற்குப் பிறகு நில அலுவலகத்தின் கருத்து. அவர்கள் கருத்துச் சொல்வதற்குள் என் சிமெண்ட் தானாகவே உதிர்ந்துவிடும். மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் போய்த் தடித்த கோப்பு ஒன்று வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பினேன். உண்மையைச் சொன்னால், உற்சாகமாகத்தான் இருந்தது.

மனைவி தேநீர் கொண்டு வந்தாள். வைக்க இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"பிரிக்பீல்ட்ஸ் வாடகைக்காரர் மெசேஜ் போட்டிருக்காரு. ஒப்பந்தம் முடியப்போகுது, அடுத்த வருஷமும் இருக்கலாமான்னு கேக்குறாரு," என்றாள்.

"இருக்கச் சொல்லு."

"இன்னும் சொல்லல."

நிமிர்ந்து பார்த்தேன். "கிச்சனை நான் காப்பாத்திக் குடுக்குறேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இழுக்கலாம். யாரும் தொட முடியாது."

"கிச்சன் போனா போவுது. அந்த ஃபைல்தான் எனக்குப் பிரச்சனை," என்றாள். "முப்பது வருஷம் நீங்க வீட்டுக்கு வரும்போது அதுவும் கூட வந்துச்சு. சாப்பிடும்போது பேசினா 'ம்' சொல்வீங்க. அந்த 'ம்' எனக்கா ஃபைலுக்கான்னு தெரியாது. இங்க வந்துதான் நீங்க ஒழுங்கா பேச ஆரம்பிச்சீங்க. கீரை வெலை பத்தித்தான் பேசுறீங்க, ஆனா பேசுறீங்க."

"நீ சமையலறைக்காகத்தானே இங்க வந்தே?"

"கிச்சன் கேட்டேன். அதுக்காகத்தான் வந்தேன்னு யாரு சொன்னா? ஃபைல் இங்க இருந்துச்சுன்னா நான் அங்க போறேன். அவ்வளவுதான்."

மேசையின் ஓரத்தில் ஒரு தாளை ஒதுக்கி, தேநீரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் சொன்னதற்கு எதிராக மூன்று வாதங்கள் என்னிடம் இருந்தன. மூன்றுமே சிறந்த வாதங்கள். மூன்றிலும் நான் ஜெயித்து, இந்த வீட்டில் தனியாகக் கீரை வதக்கிக்கொண்டிருப்பேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஃபைலைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் பணத்தைத் தரமாட்டேன் என்றார். அதற்குப் பதிலாகத் தீப்பெட்டியும் ஒரு கட்டு மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை சமையலறையைப் பிரித்தோம். லோரிக்காரர் கடப்பாரையோடு வந்தார்.

"அண்ணே, ஒடைக்கிறதுக்குப் பெர்மிட் வேணாமா?"

"சாதாரணமா வேணும். நோட்டீஸ் இருக்குறதால வேணாம்," என்றேன்.

"அக்கா, இவரு கூட எப்படி இத்தன வருஷம் குடும்பம் நடத்துனீங்க?"

"பெர்மிட் வாங்கித்தான்," என்றாள் மனைவி.

குழாயை எடுத்ததும் வடிகால் ஒருமுறை பலமாகக் குமுறிவிட்டு ஓட ஆரம்பித்தது. தகடுகளை மேருவுக்கே திருப்பி விற்றோம். நான் வாங்கிய விலையில் பெரிய நஷ்டம் இல்லை என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. பாசார் மாலாம் வியாபாரி ஒருவர் தூக்கிப்போட இருந்த பெரிய குடையை லோரிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். பழைய டயருக்குள் சிமெண்டை நிரப்பி அதில் குடையை நட்டோம். எங்கள் எல்லைக்கு நன்றாக உள்ளே. சுவர் இல்லை, தூண் இல்லை, கூரை இல்லை. எந்தத் துணைவிதியிலும் அதற்குப் பெயர் கிடையாது. மனைவி அடுப்பை அதன் அடியில் வைத்தாள்.

அதிகாரி பரிசோதிக்க வந்தபோது வாழைப்பழம் பொரிந்துகொண்டிருந்தது. மனைவி ஒரு தட்டை நீட்டினாள். நான் குறுக்கே புகுந்தேன்.

"விசாரணை முடியிறவரைக்கும் அதிகாரி ஒண்ணும் வாங்கக் கூடாது."

மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அதிகாரி சிரிக்காமல் வடிகாலைப் பார்த்தார், படம் எடுத்தார், தாளில் கையெழுத்துப் போட்டார். "கேஸ் குளோஸ். இப்ப சாப்பிடலாமா அங்கிள்?"

"இப்ப சாப்பிடலாம்."

மூன்று துண்டு சாப்பிட்டார். நான்காவதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனார்.

அன்று மாலை மழை கொட்டியது. வடிகால் எங்களைக் கண்டுகொள்ளாமல் ஓடியது. மனைவி அடுப்பை அணைக்கவில்லை. பெரிய குடையின் ஒரு பக்கம் ஒழுகியதால், நான் கைக்குடை ஒன்றைச் சட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு கையில் மீனைத் திருப்பிக்கொண்டே, தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"தாராளமா இருங்க தம்பி. ரெண்டு வருஷத்துக்கே போட்டுக்கலாம்... இல்ல லா, இங்க வசதி ஒண்ணும் கெடையாது. கிச்சன்கூட இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, எண்ணெயில தண்ணி விழுது," என்றாள்.